பழைய .303-க்குப் புது முன்கட்டை: உட்கார்ந்தும் உட்காராத கதை

கேள்வி

"அண்ணே, கையில் இருப்பது லீ-என்ஃபீல்டு நம்பர் 4 மார்க் 1 ராணுவ ரைஃபிள். முன்னாடி வைத்திருந்தவர் முன்கட்டையை (குழலுக்கு அடியில் இருக்கிற மரம்) பாதியில் அறுத்து வேட்டைத் துப்பாக்கி ஆக்கிவிட்டார். பாடி (போல்ட் ஓடுகிற இரும்புக் கூடு), குழல், போல்ட் எல்லாம் அருமையாக இருக்கு. யாரும் பயன்படுத்தாத ராணுவ முன்கட்டை ஒன்று கிடைத்தது. வைத்துத் தட்டினேன், உட்கார்ந்தது. ஸ்க்ரூவை முறுக்கினேன். 100 கஜத்தில் முதல் மூன்று குண்டு ஒன்றாகப் போகுது. அதுக்கப்புறம் ஏணி வைத்த மாதிரி மேலே மேலே ஏறுது. டிரிகரும் முன்பு மாதிரி இல்லை. குழல் காடியை (மரத்தில் குழல் படுக்கிற பள்ளம்) உப்புத்தாளால் தேய்த்து அகலமாக்கினால் சரியாகுமா?"

மார்ச் 2, இரவு

உப்புத்தாளைக் கீழே வை தம்பி.

குழல் எங்குமே மரத்தைத் தொடக் கூடாது என்பது சரி. ஆனால் அது கடைசி வேலை. முதலில் கிங் ஸ்க்ரூவை (டிரிகர் கார்டின் முன் ஸ்க்ரூ) இனி திரும்பாது என்கிற வரை முறுக்கிப் பார். அரைச் சுற்றாவது போனால் உன் வியாதி அங்கேதான். அறையில் தோட்டா இல்லை என்று கண்ணால் பார், விரல் விட்டும் பார். மீதி நாளைக்கு.

மார்ச் 3

நேற்று தூக்கக் கலக்கத்தில் எழுதியதில் இரண்டு தப்பு இருக்கு. திருத்தம் தனியாக வரும். இப்போது முக்கியமானது.

புதுக் கட்டை வாங்குகிற எல்லோரும் முதலில் பார்ப்பது குழல் காடியை. நீளமாக இருக்கு, கண்ணுக்குத் தெரியுது, தேய்த்தால் வழுவழுவென்று வருது, வேலை செய்த திருப்தி கிடைக்குது. லீ-என்ஃபீல்டின் உயிர் அங்கே இல்லை. முன்கட்டையின் பின்கோடியில், மேகசின் துவாரத்துக்குப் பின்னால், வலமும் இடமும் இரண்டு சிறிய மரச் சுவர்கள் இருக்கும். கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிசு, அவ்வளவுதான். பாடியின் அடியில் இருக்கிற இரும்புக் காதுகள் அந்தச் சுவர்களில்தான் வந்து முட்டும். இங்கிலீஷ்காரன் அதற்கு 'டிராஸ்' என்று பெயர் வைத்தான். நான் முட்டு என்றே சொல்கிறேன்.

சுட்டதும் இரும்பு பின்னால் உதைக்குது. முன்கட்டை அங்கேயே நிற்கப் பார்க்குது. அதைப் பிடித்துப் பின்னால் இழுத்துப் போவது அந்த இரண்டு முட்டு மட்டும்தான். இரண்டிலும் இரும்பு ஒரே சமயத்தில், ஒரே அழுத்தத்தில் படவேண்டும். ஒரு பக்கம் மட்டும் பட்டால் ஒவ்வொரு உதைக்கும் கட்டை கோணிக்கொள்ளும். இரண்டிலுமே படாவிட்டால் கட்டையின் வால், பின்கட்டை செருகியிருக்கிற இரும்புச் சாக்கெட்டில் போய் இடிக்கும். வால் இடித்தால் பிளக்கும். அதனால் வாலுக்கும் சாக்கெட்டுக்கும் நடுவில் ஒரு காகிதம் தாராளமாக நுழைகிற இடைவெளி வேண்டும்.

எனக்கு இது எப்படித் தெரியும்? என் முதல் கட்டையில் மூன்று சாயங்காலம் குழல் காடியைச் செதுக்கினேன். கண்ணாடி மாதிரி வந்தது. போட்டோ எடுத்து நாலு பேருக்கு அனுப்பினேன். இருபது ரவுண்டு சுட்டேன். கழற்றிப் பார்த்தால் டிரிகர் கார்டுக்குப் பின்னால் தலைமுடி கனத்தில் ஒரு கோடு. நகத்தால் தடவினால் தட்டுப்பட்டது. வெளிச்சத்தில் பிடித்துக் கட்டையை லேசாக முறுக்கினேன், கோடு வாயைத் திறந்தது. முட்டு இரண்டிலும் ஒரு கீறல் இல்லை, கடையில் இருந்து வந்த அன்று எப்படியோ அப்படி. இரும்பு அங்கே பட்டதே இல்லை. இருபது உதையையும் வால் தனியாக வாங்கியிருக்கு.

ராணுவக் கட்டை என்றால் அப்படியே பொருந்தும் என்று நினைக்காதே. உதிரியாக வந்த முன்கட்டையில் அந்த இடங்களில் மரம் வேண்டுமென்றே கூடுதலாக விடப்பட்டிருக்கும். ஒவ்வொரு ரைஃபிளுக்கும் ஆர்மரர் (ராணுவத் துப்பாக்கி மெக்கானிக்) உட்கார்ந்து செதுக்கிப் பொருத்தவேண்டும் என்பதுதான் ஏற்பாடு. நீ தட்டியதும் உட்கார்ந்தது என்றால் எனக்குச் சந்தோஷம் வரவில்லை, பயம்தான் வருது.

மார்ச் 3, மறுபடி

"முட்டைப் பார் என்கிறீர்களே, எந்த முட்டை?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். கோழி முட்டை இல்லை ஐயா. முட்டு, முட்டை, முட்டுக்கு. தமிழ் இலக்கணத்தோடு நான் சண்டைக்குப் போக முடியாது. இனி 'முட்டுச் சுவர்' என்று எழுதுகிறேன். ஆனால் உவமை பரவாயில்லை, இதுவும் ஒரு தடவை உடைந்தால் ஒட்டாது.

(ஒட்டும். அதற்கும் வருகிறேன்.)

மார்ச் 5

கறுப்பு மை வைத்துப் பார்க்கிற முறை.

விளக்குக் கரியை ஆளிவிதை எண்ணெயில் குழைத்தால் போதும். பாடியின் அடியில் ஒரு சின்னத் தூரிகையால் மெல்லிய பூச்சு. மெல்லிய என்றால் அடியில் இரும்பின் நிறம் தெரியவேண்டும். அப்பிவிட்டால் படாத இடத்திலும் கறுப்பு ஒட்டும், அந்த மை பொய் சொல்லும். முன்கட்டையை நேராகக் கீழிருந்து ஏற்றி, உள்ளங்கையால் இரண்டு தட்டு. நேராக இறக்கு. கறுப்பு ஒட்டின இடத்தை மட்டும் கூரான உளியால் சுரண்டு. வெட்டாதே, சுரண்டு. மறுபடி மை, மறுபடி தட்டு.

என் இரண்டாவது கட்டைக்கு ஒரு துண்டுக் காகிதத்தில் கோடு போட்டு எண்ணினேன். நாற்பத்தொரு தடவை. முதல் பத்துத் தடவையில் கறுப்பு, ஊசி முனை மாதிரி மூன்று புள்ளியில் மட்டும் வரும். அந்தப் புள்ளிகளை எடுக்க எடுக்க இன்னும் ஏழெட்டு வரும். முப்பதைத் தாண்டினதும் புள்ளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து திட்டாகும். முட்டுச் சுவர் இரண்டிலும் முக்கால் பங்கு கறுப்பு வந்தால் நிறுத்து. முழுசும் வேண்டும் என்று ஆசைப்பட்டுக் கூட ஒரு சுரண்டல் சுரண்டினால், சுவர் பின்னால் போய்விடும். அப்புறம் இரண்டிலும் ஒன்றுமே படாது. செய்திருக்கிறேன்.

கழற்றும்போது ஒரு எச்சரிக்கை. இறுக்கமாக உட்கார்ந்த கட்டையை முனையில் பிடித்து நெம்புகோல் மாதிரி இழுக்காதே. அத்தனை நீளமும் சேர்ந்து பின்கோடியில் முட்டுச் சுவரைப் பெயர்த்துவிடும். மேகசின் பக்கத்தில் மரச் சுத்தியால் மெல்லத் தட்டி, முன்னும் பின்னும் சமமாக இறங்கவிடு. நன்றாகப் பொருந்திய கட்டை ஸ்க்ரூ இல்லாமலே பாடியைப் பிடித்துக்கொண்டு நிற்கும். கையால் பிடுங்கினால் வரக்கூடாது, தட்டினால்தான் வரவேண்டும்.

மார்ச் 6

முதல் திருத்தம். "இனி திரும்பாது என்கிற வரை முறுக்கு" என்று எழுதினது அரைகுறைப் பேச்சு.

கிங் ஸ்க்ரூவைச் சுற்றி ஒரு சின்ன இரும்புக் காலர் இருக்கும். ஸ்க்ரூ இறுக இறுக டிரிகர் கார்டு மரத்தை அழுத்தும். மரம் ஒரு மயிரிழை நசுங்கினதும் காலர் இரும்போடு இரும்பாக முட்டி நிறுத்தும். மரமும் இறுகணும், காலரும் நிறுத்தணும், அதுதான் கணக்கு. காலர் நீளம் அதிகமாக இருந்தால் ஸ்க்ரூ நின்றுவிடும், கட்டை உள்ளே ஆடும். நாம் "நல்லா இறுகிடுச்சு" என்று நினைத்துக்கொண்டிருப்போம். காலர் தொலைந்திருந்தால் முறுக்க முறுக்க மரம் நசுங்கிக்கொண்டே போகும். பழைய ரைஃபிள்களில் இது காணாமல் போவது சகஜம். கீழே விழுந்து உருண்டால் கண்ணுக்குத் தெரியாத சாமான்.

தம்பி, உன்னுடையதில் காலர் இருக்கா? பார்த்துச் சொல்.

மார்ச் 6, இரவு

காலர் இல்லையாம்! டிரிகர் மர்மம் பாதி தீர்ந்தது.

மார்க் 1-இல் டிரிகர் தொங்குவது டிரிகர் கார்டில். அது தள்ளுகிற சியர் (அடிமுள்ளைப் பிடித்து நிறுத்துகிற இரும்பு) இருப்பதோ பாடியில். இரண்டுக்கும் நடுவில் மரம். மரம் நசுங்கினால் டிரிகர் மேலே ஏறி சியரை நெருங்கிவிடும், முதல் இழுப்பு (சுடுவதற்கு முந்தின லேசான இழுப்பு) காணாமல் போகும். மரம் ஈரம் குடித்து உப்பினால் எதிர்மாறு. ராணுவக் கணக்கில் முதல் இழுப்பு 3 முதல் 4 பவுண்டு, இரண்டாவது 5 முதல் 6½ பவுண்டு. ஒரு மரத்துண்டின் மனநிலையை நம்பி இந்தக் கணக்கு நின்றது. இந்தத் தொல்லையே வேண்டாம் என்றுதான் பிறகு வந்த மார்க் 2-இல் டிரிகரைப் பாடியிலேயே தொங்கவிட்டார்கள்.

காலர் போடும் வரை அந்த ரைஃபிளில் தோட்டா ஏற்றாதே. முதல் இழுப்பே இல்லை என்றால் சியர் நுனியில் தொற்றிக்கொண்டிருக்கலாம். காலர் போட்ட பிறகு, தோட்டா இல்லாமல் போல்ட்டை இழுத்து மூடி, பின்கட்டையைத் தரையில் நாலு குத்து குத்திப் பார். அடிமுள் தானாக விழுந்தால் கட்டை வேலையை நிறுத்திவிட்டுத் தெரிந்த ஆர்மரரிடம் போ.

மார்ச் 9

எபாக்ஸி பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். "சுரண்டிக்கொண்டு உட்காருவதற்குப் பதில் பிசினை ஊற்றினால் ஒரே ராத்திரியில் முடியாதா?"

முடியும். நானும் ஊற்றினேன். மெழுகு தடவினேன், திருகுத் துளைகளைக் களிமண்ணால் அடைத்தேன், எல்லாம் சாஸ்திரப்படி. பாடியின் பக்கவாட்டில் ஒரு சின்னக் குழியை மட்டும் விட்டுவிட்டேன். பிசின் அதற்குள் போய் ஆணி மாதிரி இறுகிவிட்டது. காலையில் எழுந்து பார்த்தால் ரைஃபிளும் கட்டையும் பிரிக்க முடியாத தம்பதி. ஃப்ரீசரில் வைத்தால் இரும்பு சுருங்கி விடும் என்று படித்து, தட்டுகளை எல்லாம் வெளியே எடுத்துவிட்டு பாடிப் பகுதியைக் குறுக்கே திணித்தேன். கதவு மூடவில்லை. கயிறு போட்டுக் கட்டினேன். வீட்டில் அன்று எனக்குக் கிடைத்த பட்டங்களை இங்கே எழுத முடியாது. இரண்டாம் நாள் 'டக்' என்று ஒரு சத்தம். வந்துவிட்டது, ஒரு சிராம்பு மரத்தையும் கூட்டிக்கொண்டு.

பிசின் கெட்டது என்று சொல்லவில்லை. வேட்டை ரைஃபிளின் ஒற்றைக் கட்டைக்கு அது நல்ல வழி. ஆனால் பழைய ராணுவ ரைஃபிளில் மரத்துக்கு மரம் வைத்தால் நாளைக்கு இன்னொருவன் திருத்தலாம். பிசினை ஊற்றினால் அவன் உளியை வைத்துக்கொண்டு என்னைத் திட்டுவான்.

மார்ச் 10

தம்பி மை வைத்துப் பார்த்திருக்கிறான். இடது முட்டுச் சுவரில் நல்ல கறுப்பு, வலதில் சுத்தமாக ஒன்றும் இல்லை. அதாவது ஒவ்வொரு உதைக்கும் கட்டை ஒரு பக்கமாகக் கோணியிருக்கு. ஏணி ஏறினதற்கு இது பாதிக் காரணம். சூடாகும் குழலுக்கு மீதிப் பாதி.

இப்போது ஒட்டுப் போடுகிற வேலை. வலது சுவரைச் சதுரமாக, நேர்க் கோணத்தில் வெட்டி எடு. அந்த அளவுக்கு ஒரு கட்டியான மரத்துண்டு செய். நார் ஓட்டம்தான் உயிர். நார் குழலின் நீளவாக்கில் ஓடவேண்டும், இரும்பு முட்டுகிற முகத்தில் நாரின் வெட்டு முனை வரவேண்டும். குறுக்கு நாராக வைத்தால் பத்து ரவுண்டில் நசுங்கும். ஒட்டி, ஒரு நாள் விட்டு, கொஞ்சம் தடிமனாகவே வைத்து, மறுபடி மை. இடதுக்கும் சேர்த்தே ஒட்டுப் போட்டால் இன்னும் நல்லது. பாதிப் பழசு பாதிப் புதுசு என்றால் ஒன்று மட்டும் முதலில் தேயும்.

இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. ஆஸ்திரேலியாவில் லித்கோ தொழிற்சாலை தங்கள் நாட்டு மரத்தில் கட்டை செய்தபோது, அது உதையைத் தாங்கவில்லை என்று முட்டுகிற இடத்தில் செம்புத் தகடு வைத்தே அனுப்பினது. நம் நாட்டு இஷாப்பூர் தொழிற்சாலையில் முன்கட்டை பிளக்காமல் இருக்கக் குறுக்கே ஒரு ஸ்க்ரூ போட்டுக் கட்டினார்கள். ஃபின்லாந்துக்காரர்கள் மோசின்-நாகன்ட் என்கிற ரஷ்ய ரைஃபிளில் பித்தளைத் தகடு வைத்துச் சரிக்கட்டினார்கள். எல்லா ராணுவமும் இதே இரண்டு விரற்கடை மரத்தோடுதான் மல்லுக்கட்டியிருக்கு.

மார்ச் 12

இரண்டாவது திருத்தம், பெரிசு. "குழல் எங்குமே தொடக் கூடாது" என்று முதல் நாள் எழுதினேனே, அது நம்பர் 4-க்குத் தவறு. முந்தின வாரம் முழுக்க வேறொரு வேட்டை ரைஃபிளோடு இருந்த நினைப்பு.

எல்42ஏ1 என்கிற ஸ்னைப்பர் ரைஃபிள் மாதிரி கனத்த குழல் போட்டால் மரம் தொடாமல் விடலாம், அதன் முன்கட்டையே பாதியோடு நின்றுவிடும். சாதாரண நம்பர் 4-இன் மெல்லிய குழலுக்கு முனையில் கொஞ்சம் ஆதரவு வேண்டும். அறையை ஒட்டிய தடித்த பகுதி மரத்தில் படியவேண்டும். நடுவில் எங்கும் படக்கூடாது. முன்கட்டையின் கடைசி இரண்டு விரற்கடையில் மரம் குழலை மேல்நோக்கித் தாங்கவேண்டும். அந்தத் தாங்கல் 2 முதல் 7 பவுண்டு. கிலோவில் சொன்னால் சுமார் ஒன்றில் இருந்து மூன்று.

அளப்பது இப்படி. முனையில் குழலுக்கும் மரத்துக்கும் நடுவில் ஒரு காகிதக் கீற்று. பாடியை அசையாமல் பிடித்து, ஸ்பிரிங் தராசின் கொக்கியைக் குழல் நுனியில் மாட்டி மேலே தூக்கு. இன்னொரு கையால் காகிதத்தை இழுத்தபடி இரு. காகிதம் உருவி வரும் நொடியில் தராசு என்ன காட்டுதோ அதுதான் கணக்கு. எனக்கு முதல் தடவை பதினொன்று காட்டியது. அரம் வைத்து இரண்டு இழுப்பு, மறுபடி அளவு, மறுபடி ஒரு இழுப்பு. ஐந்தில் நிறுத்தினேன்.

குழலைப் பக்கவாட்டில் விரலால் தள்ளி விட்டுப் பார். தானாக நடுவுக்குத் திரும்பவேண்டும். ஒரு பக்கமாக ஒட்டிக்கொண்டால் காடியின் சுவர் தடுக்குது. மேல் கட்டைகளும் (குழலை மேலிருந்து மூடுகிற மரங்கள்) குழலில் உட்காரக்கூடாது, பிடித்து ஆட்டினால் லேசாக ஆடணும். குழல் சூடாகி நீளும்போது இதில் எது தடுத்தாலும் குண்டு இடம் மாறும். உன் நாலாவது குண்டு அங்கேதான் ஏணியில் கால் வைக்குது.

மார்ச் 13

நம்பர் 4-க்கு முந்தின லீ-என்ஃபீல்டான பழைய எஸ்.எம்.எல்.இ. மார்க் 3 வைத்திருக்கிறவர்களுக்கு ஒரு வரி: முன்கட்டையைக் கழற்றாமல் பின்கட்டை போல்ட்டைத் திருப்பாதீர்கள். அந்த நீள போல்ட்டின் முனை சதுரம். முன்கட்டையின் வாலில் இருக்கிற தகட்டுக்குள் அது சிக்கியிருக்கும். திருப்பினால் சதுரம் சுழன்று வாலைப் பிளக்கும். நம்பர் 4-இல் இந்தப் பொறி இல்லை.

ஒருவர் கேட்டதற்கு: பின்கட்டையில் இருக்கிற எழுத்து மரத்தின் தரம் இல்லை, நீளம். எல் நீளம், எழுத்து இல்லாவிட்டால் சாதாரண நீளம், எஸ் குட்டை, பி இன்னும் குட்டை. அரை அரை அங்குல வித்தியாசம். மூக்கு கட்டைவிரலில் இடிக்குது என்று புலம்புகிறவர்கள் முதலில் அந்த எழுத்தைப் பாருங்கள்.

மார்ச் 17

எண்ணெய். பச்சை ஆளிவிதை எண்ணெய், மெல்லியதாக, கையால் தேய்த்து. வெளியே பளபளப்பு வரவேண்டும் என்று வார்னிஷ் அடித்துவிட்டு உள்ளே காய்ந்த மரமாக விட்டால், ஈரம் உள்ளே இருந்து ஏறும். சுரண்டின இடம், ஒட்டுப் போட்ட இடம், குறிப்பாக வெட்டு முனை நார், அங்கெல்லாம் எண்ணெய் குடிக்கிற வரை கொடு. பொருத்தி முடித்த பிறகு கொடு, முன்னால் கொடுத்தால் மை பிடிக்காது.

எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதே. அது காற்றோடு சேர்ந்து தானாகச் சூடாகிப் பற்றிக்கொள்ளும். கதை இல்லை, நிஜம். விரித்துக் காயப்போடு, இல்லையா தண்ணீரில் முக்கு.

மார்ச் 24

தம்பியின் கடிதம்: காலர் போட்டாச்சு, முதல் இழுப்பு திரும்பி வந்தாச்சு, தரையில் குத்தினால் விழவில்லை. முனையில் நாலு பவுண்டு. பத்துக் குண்டு, ஏணி இல்லை. ஆனால் ஒட்டுப் போட மட்டும் இன்னும் சரியான மரம் கிடைக்கவில்லையாம். இடைக்காலமாகத் தகடு ஒன்றைச் சொருகி வைத்திருக்கிறானாம். "எந்த மரம் வாங்கட்டும்?" என்கிறான்.

ஏன்டா தம்பி, அந்தப் புண்ணியவான் பாதியில் அறுத்த பழைய முன்கட்டை எங்கே? எத்தனையோ வருஷம் காய்ந்த வால்நட். அதே பாடியின் உதையை அத்தனை வருஷம் வாங்கின மரம். அதில் இருந்து சுண்டுவிரல் அகலத்துக்கு இரண்டு துண்டு போதுமே.

மார்ச் 24, இரவு

தூக்கிப் போட்டுவிட்டானாம். குப்பை வண்டி வியாழக்கிழமைதான் வருமாம். தேடிக்கொண்டிருக்கிறான்.

மார்ச் 25

கிடைத்துவிட்டது.